மான் வேட்டைக்கு ஓர் அனுமதிப் பத்திரம்

1

இந்த வாரம் நான் ஸ்கொட்லாந்தில் ஒரு மலைச்சரிவில் குப்புறப் படுத்திருக்க வேண்டியவன். லண்டன் ஹரோவில் வீட்டுச் சோபாவில் மல்லாந்து கிடக்கிறேன். வேலையிடத்தில் எடுத்த லீவை ரத்துச் செய்யவும் மனம் வரவில்லை. வெளியே மழை. மனைவி பவானி வேலைக்குப் போய்விட்டாள். இதை எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. நேரம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே மான் சுடுவது களவு வேலை அல்ல. ஸ்கொட்லாந்தில் மான் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிட்டது. அதைத் தின்ன சிறுத்தையும் இல்லை, ஓநாயும் இல்லை. நடுகிற மரக்கன்றுகளை முளையிலேயே கடித்துத் தீர்த்துவிடுகிறது. ஆகவே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் சுடுவிக்கிறார்கள். அப்படிச் சம்பளம் வாங்குகிறவர்களில் ஒருத்தி என் மகள் ஆரணி. எங்களுக்கு ஒரே பிள்ளை. வயது இருபத்துநாலு.

பார்மசி படிப்பை முதல் வருடத்தோடு விட்டுவிட்டு அவள் வடக்கே போனபோது வீட்டில் நடந்ததை எழுதப் போவதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கோயிலில் யாராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால், "ஸ்கொட்லாந்தில கவர்மெண்ட் வேலை" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவேன். அவளும் நானும் கதைக்காமல் இருந்தோம் என்றில்லை. என் பிறந்தநாளுக்கு ஒரு வரி அனுப்புவாள். நான் கைகூப்புகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன். மூன்று வருடம் அப்படிப் போனது.

போன வருடம் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, வன்னியில இருக்கேக்க நீங்கள் மான் அடிச்சனீங்களோ? அம்மா சொன்னவா."

"ஓம். ரெண்டு வருசம்."

"ரியலி? என்னண்டு?"

யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாரும் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபோது, ஒட்டுசுட்டானுக்கு அங்கால் காட்டோரம் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். கடையில் ஒன்றும் கிடையாது. அங்கத்தைய சனம் காட்டுக்குள் போகும், நானும் போனேன். காற்றைப் பார்க்க, தடம் பார்க்க, தண்ணீருக்கு மேலே மரத்தில் பரண் கட்டி அசையாமல் இருக்கப் பழகினேன். இதைத் தட்டோடு நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்ச் சோறு போட்டுக்கொண்டார்கள். என் மகள் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது என்று பிறகுதான் யோசித்தேன். அன்றைக்கே முடிவாகிவிட்டது, அடுத்த ஒக்டோபரில் இருவரும் போவதென்று.

2

ஆயத்தம் என்றால் அப்படி ஓர் ஆயத்தம். ஆரணி ஒரு பட்டியல் அனுப்பினாள். கணுக்காலுக்கு மேலே வரும் சப்பாத்து. உரசினால் சத்தம் போடாத துணியில் கோட். நீல நிறம் கூடாது, மானின் கண்ணுக்கு நீலம் பளிச்சென்று தெரியுமாம். வாசனைச் சவர்க்காரம் கூடாது. முக்கியமாக, முதுகில் சுமையோடு ஏறப் பழக வேண்டும்.

சுமைக்கு என்ன செய்வது? இருபது கிலோ அரிசி மூட்டையை முதுகுப்பையில் திணித்துக்கொண்டு, ஞாயிறு காலையில் ஹரோ மேட்டில் ஏறி இறங்கினேன். ஐம்பத்தாறு வயது. தெரிந்தவர் ஒருவர் காரை நிறுத்தி, "என்ன அண்ணை, பஸ் வரேல்லையோ?" என்று கேட்டார். இன்னொருவர், எனக்கும் பவானிக்கும் பிரச்சினை, அரிசியோடு வீட்டை விட்டுப் போகிறேன் என்று கதை கட்டிவிட்டார். பவானி அந்த அரிசியைச் சமைக்கவில்லை. வியர்வை பட்ட அரிசி என்றாள்.

பிழை அங்கே இல்லை. பிழை நான் கேட்ட ஒரு பத்திரத்தில் இருந்தது.

ஆரணி தெளிவாகத்தான் சொன்னாள். "அப்பா, கெஸ்ட் எண்டா ஒரு பேப்பரும் வேண்டாம். எனக்குப் பக்கத்தில படுத்து என்ர ரைபிளால சுடலாம். அது லீகல்தான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அகதியாக வந்த எங்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. ஒரு விஷயத்துக்குப் பத்திரம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் உடனே பயம் வரும். முத்திரை குத்திய கடிதம் கையில் வந்தால்தான் எதையும் நம்புவோம். எங்கள் அலுமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது. நான் வந்து இறங்கிய வாரம் கிடைத்த கடிதத்திலிருந்து, நின்றுபோன காஸ் கொம்பனியின் கடிதம் வரை அதில் இருக்கும். அதில் இன்னொன்று சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மகளுக்கு விருந்தாளியாகப் போகாமல், சொந்தத் துவக்கு அனுமதியோடு, ஒவ்வொரு ஒக்டோபரும் உரிமையோடு போகிறவனாக இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்பினேன். படிக்குக் கீழே உள்ள அறையில், சட்டப்படி, இரும்புப் பெட்டி ஒன்றைச் சுவரோடு பொருத்தினேன். நான் நல்லவன் என்று எழுதிக்கொடுக்க இரண்டு பேரைப் பிடித்தேன். இவ்வளவும் ஆரணிக்குச் சொல்லவில்லை. பத்திரம் வந்த பிறகு காட்டுவோம் என்று இருந்தேன்.

3

யூலையில் இடம் பார்க்கப் போனோம். ஒக்டோபரில் எங்கே படுப்பது, மான் எந்த வழியால் வரும், காற்று எப்படித் திரும்பும் என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து வைக்க வேண்டும். இன்வெர்னெஸ்ஸிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். கடைசி அரை மணித்தியாலம் பாதை என்று சொல்லத் தக்கதாய் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி, மிட்ஜ் என்பார்கள், காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் புகுந்து கடிக்கும். வன்னி நுளம்பு எவ்வளவோ மேல்.

ஆரணி தூரக்கண்ணாடியால் மலை முகட்டைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்கு அதுதான் தெரியும். முளை எந்த உயரத்தில் கடிபட்டிருக்கிறது, புழுக்கை ஈரமா காய்ந்ததா, வேலிக் கம்பியில் மயிர் எங்கே சிக்கியிருக்கிறது. ஒரு சேற்றுக் குழியைக் காட்டி, "கிடாய் வந்து பிரளுற இடம் இது, உடம்பெல்லாம் சேறு பூசும்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

காற்றைப் பார்க்க அவளிடம் பவுடர் போட்ட ஒரு சின்னப் போத்தல் இருந்தது. அழுத்தினால் புகை மாதிரி வரும். ஈரம் பிடித்து அன்றைக்கு அது அடைத்துக்கொண்டது. நான் சட்டைப் பையிலிருந்து கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகை விட்டேன். அது மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து போனது.

"அப்பா! அது அலவ்டா?"

"முருகன் ஒண்டும் நினைக்கமாட்டார். அவரும் வேட்டைக்காரர் வீட்டிலதான் பெண் எடுத்தவர்."

அவள் சிரித்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. எத்தனை வருடம். காற்று இப்படி என்றால் மான் அந்தப் பள்ளத்தால்தான் ஏறும் என்று காட்டினேன். இருபது நிமிடம் படுத்திருந்தோம். ஏழு பெண்மான்கள் அந்தப் பள்ளத்தாலேயே ஏறின. அவள் போனில் வரைபடத்தைத் திறந்து அந்த இடத்தைக் குறித்தாள். 'அப்பா பள்ளம்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்டாள். என் பெயரில் இந்த நாட்டில் ஓர் இடம் என்று எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது, பக்கத்துப் பள்ளத்தாக்கில் அவளோடு வேலை செய்கிற ஒருவர் ரைபிளைச் சரிபார்க்கக் குறிப்பலகைக்கு ஒரு வெடி வைத்தார். அதே நேரம் நான் புல்லில் சறுக்கி விழுந்தேன். இரண்டு பேரும் சேறு. ஏதோ பகிடி சொன்னதாக நினைவு. காரில் அவள் அதிகம் கதைக்கவில்லை. களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

4

துவக்கு அனுமதிக்கு உங்கள் குடும்ப வைத்தியர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என் வைத்தியர் ஓர் இளம்பெண். கணினியில் என் கோப்பைக் கீழே கீழே உருட்டிக்கொண்டு போனார். அடியில் போய் நின்றார்.

"இங்கே ஒரு பழைய அறிக்கை இருக்கிறது," என்றார். "வெடிச்சத்தம், பெருஞ்சத்தம் தாங்க முடியாது. திடுக்கிடுதல். நித்திரைக் குறைவு. இது இப்போதும் உண்டா?"

அந்த அறிக்கையின் கதை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவனே நான். வந்த புதிதில், என் அகதி விண்ணப்பத்துக்காக, லண்டனில் டூட்டிங்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த அறையில், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னை இருத்திச் சொல்லிக்கொடுத்தார். "சத்தம் கேட்டா நடுங்கும் எண்டு சொல்லும். நித்திரை இல்லை எண்டு சொல்லும். இல்லாட்டி கேஸ் நிக்காது." சிறையில் அடிபட்டதாக ஒரு கதையும் தந்தார். அது வேறு யாருடையதோ. அடுத்த கிழமை ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். நான் சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, நிறுத்த முடியவில்லை. வைத்தியர் தண்ணீர் கொடுத்தார். வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளர் முதுகில் தட்டினார். "நல்லாச் செய்தீர், ஐசே." அந்தக் காகிதம்தான் என்னை இந்த நாட்டில் இருக்க விட்டது. இருபத்தேழு வருடமாக அதை ஒரு நல்ல நடிப்பு என்றே நினைத்திருந்தேன்.

இப்போது அதைப் பொய் என்று சொல்ல முடியுமா? சொன்னால் குடியுரிமை வரைக்கும் இழுபடும். உண்மை என்று சொன்னால் துவக்கு இல்லை.

"அதெல்லாம் பழைய கதை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இப்போது நான் நலம்."

அவர் தலையாட்டிவிட்டு எதையோ தட்டினார். என்ன தட்டினார் என்று தெரியவில்லை.

5

செப்டெம்பரில் பொலிஸின் துவக்கு அனுமதிப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். தன்மையான மனிதர். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார். இரும்புப் பெட்டியை இழுத்துப் பார்த்து, சுவர் நல்ல சுவர் என்றார். மான், காற்று, யூலையில் பார்த்த மலை என்று எல்லாம் கேட்டார். நான் உற்சாகமாகப் பதில் சொன்னேன். பிறகு, மனைவியோடு தனியாகக் கொஞ்சம் கதைக்கலாமா என்றார். அது வழமையாம்.

நான் குசினிக்குப் போய்த் தேநீர் போட்டேன். எங்கள் வீட்டுச் சுவர் வெளிச்சுவர் மட்டும்தான் நல்லது. உள்ளே அட்டை. எல்லாம் கேட்டது.

"இந்த வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குச் சரியா?" என்று அவர் கேட்டார்.

பவானி பத்து வருடமாகப் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்கிறாள். ஆங்கிலம் சரளம். ஒரு கேள்விக்கு நாலு பதில் சொல்கிறவள். அன்றைக்கு ஒரு சொல்தான் சொன்னாள்.

"நோ."

தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் நன்றி சொல்லிக் குடித்தார். பிஸ்கட்டும் எடுத்தார். மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் பொதுமக்களின் பாதுகாப்பு என்று இருந்தது. இருபத்தொரு நாளுக்குள் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது.

6

கடிதத்தைப் பவானிக்கு முன்னால் போட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏன் சொன்னனீர்? என்ன செய்தனான் உமக்கு?"

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

"அந்த றிப்போட் பொய் எண்டு உமக்குத் தெரியுந்தானே! கேஸுக்குச் சொன்னது!"

அவள் பள்ளிக்கூட உடுப்பு மாற்றாமல் நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் எண்டு நீங்கள்தான் சொல்லுறியள். நான் ஒருநாளும் சொல்லேல்லை. நவம்பர் அஞ்சு, வாணவெடி நாள், என்ன செய்வம் நாங்கள்? பின்னேரம் அஞ்சு மணிக்கே பிள்ளையைக் காரில ஏத்தி எம்-இருபத்தஞ்சில விடுவியள். லண்டனைச் சுத்தி முழு வட்டம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு. ஒவ்வொரு வருசமும். அவளுக்கு அது திருவிழா எண்டு சொல்லுவியள்."

"அவளுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. இழுப்பு."

"அவளுக்கு ஒருநாளும் இழுப்பு வந்ததில்லை, இஞ்சேருங்கோ."

உண்மையாகவே, இழுப்பு இருந்ததென்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஆரணி யூலையிலயே எனக்குச் சொன்னவள்," என்றாள் பவானி. "மலையில நடந்ததை. நோ எண்டு சொல்லச் சொல்லி அவள் கேக்கேல்லை. அது நானாச் சொன்னது."

"மலையில என்ன நடந்தது?"

"அதை அவளிட்டைக் கேளுங்கோ."

ஆரணிக்குப் போன் எடுத்தேன். எங்கோ வெளியில் நின்றாள், காற்று இரைந்தது. அனுமதி கேட்டதும் மறுத்ததும் எல்லாம் சொன்னேன்.

"ஏன் அப்ளை பண்ணினீங்கள், அப்பா? வேண்டாம் எண்டு சொன்னனான். இப்ப ரிஃப்யூஸ் பண்ணினா எனக்கும் உங்களுக்கு ரைபிள் தர ஏலாது. என்ர வேலை போகும்."

"நான் அப்பீல் பண்ணுறன்."

"பண்ணாதேங்கோ. துவக்கு இல்லாம வாங்கோ. பார்க்க மட்டும். எனக்கு அது காணும்." பிறகு, மிக மெதுவாக, "அப்பா, அண்டைக்கு நீங்கள் ஸ்லிப் பண்ணேல்லை," என்றாள்.

அவள் சொன்னது அரைவாசி ஆங்கிலம், அரைவாசி தமிழ். வெடி கேட்டதும் நான் அவளைப் பிடரியில் பிடித்து நிலத்தில் அமத்தினேனாம். மேலே படுத்தேனாம். அவளுடைய வாய்க்குள் சேறு போனதாம். நாலைந்து நிமிடம் எழும்ப விடவில்லையாம். என் உடம்பு முழுக்க நடுங்கியதாம்.

"நீங்கள் என்னைத் தம்பி எண்டு கூப்பிட்டீங்கள். 'தம்பி, தலையைத் தூக்காதை, தலையைத் தூக்காதை' எண்டு. பிறகு எழும்பி, சறுக்கிப்போட்டுது எண்டு சிரிச்சீங்கள். ஆர் அப்பா, தம்பி?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் கோபமா இல்லை. எனக்குத் தெரிய வேணும். அதைச் சொல்லிப்போட்டு வாங்கோ. ரெண்டு பேரும் நடப்பம். ஆர் அது?"

இருபத்துநாலு வருடத்தில் அவள் கேட்ட இரண்டாவது கேள்வி. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை," என்றேன். "எனக்குத் தம்பி இல்லை. பயத்தில ஏதோ உளறியிருப்பன்."

"ஓகே அப்பா," என்றாள். காற்றுச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அதற்குப் பிறகு அவள் எனக்குப் போன் எடுக்கவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை.

7

இருபத்தொரு நாள் நேற்றோடு முடிந்தது. மேன்முறையீடு செய்யவில்லை. செய்தால் நீதிமன்றத்தில் அந்த அறிக்கை பொய் என்று நிறுவ வேண்டும். அது பொய்யல்ல என்று இப்போது தெரிகிறது. அதில் எழுதியிருந்த கதை மட்டும்தான் பொய்.

என் தம்பியின் பெயர் குகன். பத்தொன்பது வயது. தடம் பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன். வன்னியில் அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான். வர மாட்டேன் என்றான். கிழமைக் கணக்காக வீட்டில் இறைச்சி இல்லை, தனியாகத் தூக்கி வர முடியாது என்று நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். தண்ணீரடியில் மான் வந்து நின்றது. நான் சுட்டேன். என் வெடிக்குப் பதில்போலக் காட்டுக்குள்ளிருந்து வேறு வெடிகள் வந்தன. யார் என்று இன்றைக்கும் தெரியாது. குப்புறப் படுத்தோம். தலையைத் தூக்காதே என்று சொன்னேன். மான் விழுந்ததா என்று பார்க்கத் தலையைத் தூக்கினான். இருட்டும் வரைக்கும் நான் அவனுக்குப் பக்கத்தில் அசையாமல் கிடந்தேன். அம்மா சாகும் வரைக்கும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கலியாணத்துக்கு முதலே பவானியிடம் சொன்னேன், இதைப் பிள்ளைகளிடம் கதைக்கக் கூடாதென்று. அவனுடைய படம்கூட எங்கள் வீட்டில் இல்லை.

இந்த நாட்டில் ஒரே ஒருவரிடம் இதைச் சொல்ல முயன்றேன். டூட்டிங்கில், அந்த மொழிபெயர்ப்பாளரிடம். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "வேட்டைக்குப் போய்ச் செத்தது கேஸுக்கு உதவாது, அதை விடும்," என்றார். விட்டேன்.

ஆரணியை நாலு வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். கதைத்தால் விளங்கும், கொஞ்சம் கதைப்பாள். எழுத்தைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. இவ்வளவையும் என்னால் இங்கே எழுத முடிந்ததற்குக் காரணம் அதுதான்.